விளையாட்டின் நடுவே அணைந்துபோகும் லேப்டாப்: காரணத்தைக் கண்டுபிடிக்கும் வழி

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கேமிங் லேப்டாப் திடீரென்று அணைந்துவிடுகிறது. எச்சரிக்கையோ பிழைச் செய்தியோ வருவதில்லை. திரை கறுக்கிறது, விசிறி நிற்கிறது. மறுபடி பவர் பொத்தானை அழுத்தினால் ஒன்றும் நடக்காததுபோல் விண்டோஸ் எழுந்துவருகிறது. இணையம் பார்க்கும்போதும் படம் பார்க்கும்போதும் இந்தத் தொல்லை இல்லை. கனமான கேம் ஒன்றைத் திறந்து கால் மணி நேரம் ஆனால்தான் வருகிறது.

இந்த நிலையில் பலர் முதலில் விண்டோஸை அழித்து மறுபடி நிறுவுகிறார்கள். அது பலிக்காவிட்டால் ரேமை மாற்றுகிறார்கள். அதுவும் பலிக்காதபோது, மதர்போர்டு போய்விட்டது என்று யாரோ சொன்னதைக் கேட்டுப் பெருந்தொகை செலவழிக்கத் தயாராகிறார்கள். தூசியை நீக்கினாலோ, சரியான சார்ஜரைப் பொருத்தினாலோ, தேய்ந்த பேட்டரியை மாற்றினாலோ சரியாகிவிடக்கூடிய லேப்டாப்கள் ஏராளம். உங்களுடையதும் அப்படிப்பட்டதா என்பதைச் சோதித்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஊகித்து ஒவ்வொரு பாகமாக மாற்றிக்கொண்டே போனால் பணம் கரையும், கோளாறு அப்படியே இருக்கும்.

இந்த அத்தியாயம் முழுவதும் ஒரே கேள்வியைப் பின்தொடர்கிறது: லேப்டாப்பை அணைத்தது யார்? மூன்று விடைகள்தான் உண்டு.

ஒன்று, விண்டோஸ். பேட்டரி அபாய அளவுக்கு இறங்கியதாலோ, ப்ளூ ஸ்கிரீன் பிழை வந்ததாலோ அது நிறுத்தியிருக்கலாம்.

இரண்டு, லேப்டாப்பின் காப்பு ஏற்பாடு. எம்பெடட் கன்ட்ரோலர் என்ற சிறிய சிப் ஒன்று மதர்போர்டில் இருக்கிறது. விசிறி வேகம், வெப்பம், பேட்டரி, சார்ஜர் ஆகியவற்றை அது கண்காணிக்கிறது. ஏதேனும் ஒன்று எல்லை மீறினால், விண்டோஸிடம் கேட்காமலே அது மின்சாரத்தைத் துண்டித்துவிடும்.

மூன்று, யாரும் அணைக்கவில்லை, மின்சாரம் வந்துசேரவில்லை. சார்ஜர், ஒயர், பேட்டரி, மதர்போர்டின் மின் சுற்று ஆகியவற்றில் எங்கோ வழி அறுந்திருக்கிறது.

விடை தெரிந்துவிட்டால் எங்கே தேட வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

தொடங்கும் முன்

முக்கியமான கோப்புகளை முதலில் வெளி டிரைவிலோ கிளவுடிலோ பிரதி எடுத்துவிடுங்கள். திடீரென்று மின்சாரம் அறுபடும் ஒவ்வொரு முறையும், எழுதப்பட்டுக்கொண்டிருக்கும் கோப்பு கெட்டுப்போக வாய்ப்பு உண்டு. விண்டோஸ் 11 உள்ள பல லேப்டாப்களில் டிரைவ் தானாகவே குறியாக்கம் செய்யப்பட்டிருக்கும். பயாஸ் அமைப்பைத் தொட்டபின் அது பிட்லாக்கர் மீட்புச் சாவியைக் கேட்கக்கூடும். அந்தச் சாவி வழக்கமாக உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். அதை இப்போதே எடுத்துத் தாளில் எழுதிவையுங்கள்.

அடுத்து, லேப்டாப்பை மேசையில் வைத்துப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். டச்பேட் மேலே தூக்கியிருக்கிறதா? அடிமூடி உப்பி, லேப்டாப் சமமாக உட்காராமல் ஆடுகிறதா? இனிப்புக் கலந்த இரசாயன வாடையோ, பிளாஸ்டிக் கருகிய வாடையோ வருகிறதா? இவற்றில் ஒன்று இருந்தாலும் சோதனை எதுவும் வேண்டாம். சார்ஜரைக் கழற்றுங்கள், லேப்டாப்பை அணையுங்கள். உப்பிய லித்தியம் பேட்டரியை அழுத்தவோ, குத்தவோ, மறுபடி சார்ஜ் செய்யவோ கூடாது, அது தீப்பிடிக்கக்கூடியது. நேரே சர்வீஸ் மையத்துக்குக் கொண்டுபோங்கள்.

அந்த அறிகுறிகள் இல்லாவிட்டால் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதையும் விளைவையும் எழுதுங்கள். ஒரே நாளில் டிரைவரைப் புதுப்பித்து, தூசியும் துடைத்து, சார்ஜரையும் மாற்றினால், கோளாறு போனாலும் எதனால் போனது என்று தெரியாது. திரும்பி வந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

முதல் படி: அணைந்த விதத்தைக் கவனியுங்கள்

அடுத்த முறை அணையும்போது உடனே பொத்தானை அழுத்திவிடாமல் சில விநாடி பாருங்கள்.

தானாகவே மறுபடி எழுந்துவருகிறதா? அப்படியென்றால் ப்ளூ ஸ்கிரீன் வந்து, நீங்கள் படிப்பதற்குள் விண்டோஸ் மறுதொடக்கம் செய்திருக்கக்கூடும். அதைத் தடுக்க ஒரு வழி உண்டு. கன்ட்ரோல் பேனலில் 'சிஸ்டம்' பகுதியின் 'அட்வான்ஸ்ட்' தாவலுக்குப் போய், 'ஸ்டார்ட்அப் அண்ட் ரெகவரி' என்பதைத் திறந்து, 'ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்' என்ற பெட்டியிலுள்ள குறியை நீக்கிவிடுங்கள். இனி ப்ளூ ஸ்கிரீன் வந்தால் அது திரையிலேயே நிற்கும், படம் எடுத்துக்கொள்ளலாம்.

அணைந்தபின் பொத்தானை அழுத்தினாலும் சில நிமிடம் எழாமல், ஆறியபின்தான் எழுகிறதா? வெப்பத்தின் மேல் சந்தேகம் வையுங்கள்.

சார்ஜரைக் கழற்றி மாட்டினால்தான் எழுகிறதா? சார்ஜர் பெட்டியில் உள்ள சிறு விளக்கு அணைந்திருக்கிறதா? அப்படியானால் சார்ஜரின் சொந்தக் காப்புச் சுற்று மின்சாரத்தை நிறுத்தியிருக்கலாம். சுவரிலிருந்து பிடுங்கி ஒரு நிமிடம் கழித்து மாட்டியதும் விளக்கு எரிந்தால் சந்தேகம் இன்னும் வலுவாகும். சார்ஜர் பலவீனமாக இருக்கலாம். லேப்டாப் அளவுக்கு மேல் மின்னோட்டம் இழுப்பதாலும் இப்படி நடக்கலாம்.

அணைந்த நொடியிலேயே பொத்தானை அழுத்தினால் தயங்காமல் எழுகிறதா? வெப்பத்துக்கு வாய்ப்புக் குறைவு. மின் வழியையே முதலில் பாருங்கள்.

சார்ஜர் மாட்டியிருக்கும்போது மட்டும் வருகிறதா, பேட்டரியில் மட்டும் வருகிறதா, இரண்டிலும் வருகிறதா என்பதையும் குறித்துவையுங்கள்.

இரண்டாம் படி: விண்டோஸின் பதிவேட்டைப் படியுங்கள்

விண்டோஸ் பொத்தானோடு எக்ஸ் பொத்தானை அழுத்தினால் வரும் பட்டியலில் 'ஈவென்ட் வியூவர்' இருக்கும். அதில் 'விண்டோஸ் லாக்ஸ்', அதற்குள் 'சிஸ்டம்'. லேப்டாப் அணைந்த நேரத்துக்கும் மறுபடி எழுந்த நேரத்துக்கும் அருகே உள்ள வரிகளைத் தேடுங்கள். உங்களுக்குப் பயன்படும் எண்கள் சிலவே.

41, கெர்னல்-பவர்: முறையாக மூடப்படாமல் கணினி மறுபடி தொடங்கியது. இதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பலரும் இதையே நோய் என்று நினைத்துவிடுகிறார்கள். இது நோயின் பெயரைச் சொல்வதில்லை. லேப்டாப் திடீரென்று அணைந்தது என்ற, உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த செய்தியைத்தான் சொல்கிறது.

6008: முந்தைய நிறுத்தம் எதிர்பாராதது. இதுவும் அதே செய்திதான். ஆனால் அணைந்த நேரத்தைத் தருகிறது.

1074: ஏதோ ஒரு மென்பொருளோ பயனரோ முறைப்படி நிறுத்தச் சொன்னது. எந்த மென்பொருள் என்ற பெயரும் அங்கேயே இருக்கும்.

86, கெர்னல்-பவர்: அபாயகரமான வெப்பத்தால் நிறுத்தப்பட்டது. இது கிடைத்தால் நேரே மூன்றாம் படிக்குப் போங்கள்.

42, கெர்னல்-பவர்: கணினி உறக்கத்துக்குப் போகிறது. காரணம் பேட்டரி என்று இருந்தால் லேப்டாப் கெட்டுப்போகவில்லை; சார்ஜ் தீர்ந்துபோயிருக்கிறது. சார்ஜர் மாட்டியிருக்கும்போதே இப்படி நடக்கும் விதத்தை ஐந்தாம் படியில் பார்ப்போம்.

41-ஆம் எண்ணுக்குள் இன்னும் ஒரு தகவல் இருக்கிறது. பலர் அதைத் திறந்து பார்ப்பதே இல்லை. அந்த வரியைச் சொடுக்கி 'டீட்டெய்ல்ஸ்' தாவலுக்குப் போங்கள். 'பக்செக்கோட்' என்ற இடத்தில் பூஜ்யம் அல்லாத எண் இருந்தால் ப்ளூ ஸ்கிரீன் வந்திருக்கிறது. அந்த எண் பதின்ம முறையில் இருக்கும். 278 என்றால் கிராஃபிக்ஸ் டிரைவர் பதில் சொல்லாமல் நின்றிருக்கிறது. 292 என்றால் செயலியோ மற்ற வன்பொருளோ சரிசெய்ய முடியாத பிழையைத் தெரிவித்திருக்கிறது. 159 என்றால் ஏதோ ஒரு டிரைவர் மின்நிலை மாற்றத்தின்போது சிக்கிக்கொண்டிருக்கிறது. 'பவர்பட்டன்டைம்ஸ்டாம்ப்' என்ற இடத்தில் பூஜ்யம் அல்லாத எண் இருந்தால் யாரோ பவர் பொத்தானை அழுத்திப் பிடித்திருக்கிறார்கள். இரண்டும் பூஜ்யம் என்றால் விண்டோஸ் எதையும் எழுதிவைக்க அவகாசம் பெறவில்லை. காப்பு ஏற்பாடு துண்டித்திருக்க வேண்டும், அல்லது மின்சாரமே நின்றிருக்க வேண்டும். விளையாட்டின் நடுவே எச்சரிக்கையின்றி அணையும் லேப்டாப்களில் வழக்கமாகக் காணப்படுவது இதுதான். அப்போது விண்டோஸை மறுபடி நிறுவுவதால் பயன் இல்லை.

மூன்றாம் படி: வெப்பத்தை அளவிடுங்கள்

லேப்டாப்பைத் தொட்டுப் பார்த்துச் சூட்டை மதிப்பிடாதீர்கள். எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளை நிறுவி, 'சென்சார்ஸ் ஒன்லி' என்று திறந்து, பதிவு செய்யும் பொத்தானை அழுத்திவிட்டு விளையாடுங்கள். அது விநாடிக்கொரு தடவையோ இரண்டு விநாடிக்கொரு தடவையோ எல்லா அளவுகளையும் ஒரு கோப்பில் எழுதிக்கொண்டே போகும். லேப்டாப் அணைந்தாலும் கோப்பு தங்கும். எக்செலில் திறந்து கடைசி வரிகளைப் படியுங்கள். செயலியின் வெப்பம், கிராஃபிக்ஸ் சிப்பின் வெப்பம், விசிறியின் வேகம், எஸ்எஸ்டியின் வெப்பம் ஆகிய நான்கும் போதும்.

கேமிங் லேப்டாப்பில் செயலி 90 டிகிரி செல்சியஸைத் தொடுவது வழக்கத்துக்கு மாறானதல்ல. பல இன்டெல் லேப்டாப் செயலிகளின் எல்லை 100 டிகிரி. ஏஎம்டி ரைசனில் பலவற்றுக்கு 95, சிலவற்றுக்கு அதற்கும் மேல். என்விடியா லேப்டாப் கிராஃபிக்ஸ் சிப்புகள் 87 டிகிரியை ஒட்டித் தம் வேகத்தைக் குறைத்துக்கொள்ளத் தொடங்கும்.

எல்லையைத் தொட்டதும் செயலி அணைந்துவிடுவதில்லை. முதலில் வேகத்தைக் குறைத்துச் சூட்டைத் தணிக்கப் பார்க்கும்; கேம் தடுமாறும், ஃபிரேம் ரேட் சரியும். வேகத்தைக் குறைத்த பின்னும் சூடு ஏறிக்கொண்டே போனால்தான் கடைசிக் காப்பாக மின்சாரத்தைத் துண்டிக்கச் சொல்லும். ஆகவே வெப்பத்தால் அணைகிறது என்றால் குளிர்விக்கும் அமைப்பில் ஏதோ ஒன்று முழுமையாகத் தோற்றிருக்கிறது என்று பொருள். விசிறி நின்றிருக்கலாம், காற்று வழி அடைத்திருக்கலாம், தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கலாம், ஹீட்சிங்க் சரியாக உட்காராமல் இருக்கலாம். செயலிக்கு மின்சாரம் தரும் சுற்றும் சூடாகி அணைக்கக்கூடும். பல லேப்டாப்களில் அதன் வெப்பம் எந்த மென்பொருளிலும் தெரியாது.

கடைசி வரிகளில் வெப்பம் 70 டிகிரி அளவில் இருந்து, விசிறியும் ஓடி, அப்படியே பதிவு நின்றுபோயிருந்தால், பெரும்பாலும் வெப்பம் குற்றவாளி அல்ல. நான்காம் படிக்குப் போங்கள். வெப்பம்தான் என்று தெரிந்தால் இந்த வரிசையில் செயல்படுங்கள்.

லேப்டாப்பை மெத்தையிலிருந்தும் மடியிலிருந்தும் எடுத்து, கெட்டியான மேசையில், பின்பக்கம் இரண்டு விரற்கடை உயரும்படி வையுங்கள். கேமிங் லேப்டாப்களில் பெரும்பாலானவை அடிப்பக்கத்திலிருந்துதான் காற்றை இழுக்கின்றன. அறையின் வெப்பத்தையும் கணக்கில் எடுங்கள். 25 டிகிரியில் தாக்குப்பிடிக்கும் லேப்டாப், சித்திரை வெயிலில் 37 டிகிரி ஆகிவிட்ட வேலூர் மாடி அறையில் தாக்குப்பிடிக்காமல் போகலாம். அறை எத்தனை டிகிரி ஏறுகிறதோ, உள்ளே உள்ள பாகங்களும் ஏறத்தாழ அத்தனை டிகிரி ஏறும்.

அடுத்து தூசி. விசிறிக்கும் ஹீட்சிங்கின் மெல்லிய தகடுகளுக்கும் நடுவே தூசி கம்பளிபோல் படிந்து காற்றை மறித்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் சுத்தமாகத் தெரியும்; அடிமூடியைக் கழற்றினால்தான் கண்ணில் படும். வாரண்டி காலம் முடியாதிருந்தால், கழற்றலாமா என்று முதலில் விசாரியுங்கள். கழற்றுவதாக இருந்தால் லேப்டாப்பை அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, உள்ளே தெரியும் பேட்டரி இணைப்பையும் எடுத்துவிட்டுத்தான் எதையும் தொட வேண்டும். தூசியை வெளியேற்ற ப்ளோயர் பிடிக்கும்போது விசிறி இறக்கையை ஒரு பல்குத்தும் குச்சியால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றின் வேகத்தில் அளவுக்கு மீறிச் சுழன்றால் அச்சு கெடும்.

தெர்மல் பேஸ்டை மாற்றுவதற்கு முன் உங்கள் மாடலில் எது பூசப்பட்டிருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். சில உயர்விலை மாடல்களில் திரவ உலோகம் பூசியிருக்கிறார்கள். அது மின்சாரத்தைக் கடத்தும்; ஒரு துளி மதர்போர்டில் சிந்தினாலும் குறுக்குச்சுற்று ஏற்பட்டுவிடும். அலுமினியத்தையும் அரித்துவிடும். அதில் பழக்கமுள்ள கைகளிடமே அந்த வேலையைக் கொடுங்கள்.

நான்காம் படி: சுமையைப் பிரித்துச் சோதியுங்கள்

கேம் ஓடும்போது செயலியும் கிராஃபிக்ஸ் சிப்பும் ஒன்றாக உழைக்கின்றன. எது தோற்கிறது என்று தெரிய இரண்டையும் பிரிக்க வேண்டும். பதிவை ஓடவிட்டபடியே இந்த மூன்றையும் செய்யுங்கள்.

முதலில் செயலிக்கு மட்டும் சுமை: சினிபெஞ்ச் என்ற மென்பொருள் பத்து நிமிடம். பிறகு லேப்டாப்பை ஆறவிட்டு, கிராஃபிக்ஸ் சிப்புக்கு மட்டும் சுமை: ஃபர்மார்க் என்ற மென்பொருள் பத்து நிமிடம். கடைசியில் இரண்டையும் ஒன்றாக ஓடவிடுங்கள். பக்கத்திலேயே இருந்து கவனியுங்கள். ஓடவிட்டுவிட்டு வெளியே போகக் கூடாது.

செயலிச் சோதனையில் மட்டும் அணைந்தால் செயலியின் குளிர்விப்பையோ அதன் மின் சுற்றையோ பாருங்கள். கிராஃபிக்ஸ் சோதனையில் மட்டும் அணைந்தால் அந்தப் பக்கம். தனித்தனியே இரண்டும் தேறி, சேர்ந்து ஓடும்போது மட்டும் அணைந்தால் மொத்த மின் தேவையைச் சார்ஜரும் பேட்டரியும் சேர்ந்து தாங்கவில்லை என்பதற்கு அது வலுவான சான்று. மூன்றிலும் தேறி ஒரு குறிப்பிட்ட கேமில் மட்டும் அணைந்தால் அந்தக் கேம், டிரைவர், அல்லது நொடிப்பொழுதில் ஏறி இறங்கும் மின் சுமை ஆகியவற்றின்பால் சந்தேகத்தைத் திருப்புங்கள்.

இன்னும் எளிய சோதனைகள் இரண்டு உண்டு. கேமின் ஃபிரேம் ரேட்டை 60 என்று கட்டுப்படுத்துங்கள். விண்டோஸின் பவர் அமைப்பில் செயலியின் உச்ச நிலையை 100 சதவீதத்திலிருந்து 99 ஆக்குங்கள். பெரும்பாலான லேப்டாப்களில் இது டர்போ வேகத்தை நிறுத்திவிடும், சூடும் மின் தேவையும் ஒருசேரக் குறையும். இவற்றைச் செய்தபின் அணைவது நின்றால் கோளாறு வெப்பத்திலோ மின்சாரத்திலோ இருக்கிறது. உதிரி பாகம் வரும் வரை இதே அமைப்பில் லேப்டாப்பைப் பயன்படுத்தவும் செய்யலாம்.

ஐந்தாம் படி: மின் வழியைத் தொடருங்கள்

சார்ஜரின் லேபிளில் வோல்ட், ஆம்பியர் என்று இரண்டு எண்கள் இருக்கும். வெளியீட்டுப் பக்கத்து எண்களைப் பெருக்குங்கள். 20 வோல்ட், 11.5 ஆம்பியர் என்றால் 230 வாட். லேப்டாப்போடு வந்த சார்ஜரின் வாட்டும் இதுவும் ஒன்றாக இருக்கிறதா?

230 வாட் போதுமா என்று பார்ப்போம். ஆர்டிஎக்ஸ் 4070 லேப்டாப் சிப் மாடலைப் பொறுத்து 140 வாட் வரை இழுக்கும். இன்டெல் கோர் ஐ7-13700எச்எக்ஸ் செயலியின் அடிப்படை அளவு 55 வாட். டர்போ உச்சம் 157 வாட். இரண்டின் உச்சத்தையும் கூட்டினாலே 297 வாட். திரை, விசிறி, எஸ்எஸ்டி எல்லாம் தனி. அதனால்தான் தயாரிப்பாளர்கள் இரண்டும் ஒரே நேரத்தில் உச்சம் தொடாதபடி கட்டுப்படுத்துகிறார்கள். பல மாடல்களில் நொடிநேர மிகுதியைப் பேட்டரியிலிருந்து எடுத்துச் சமாளிக்கிறார்கள். சார்ஜர் மாட்டியிருந்தாலும் உங்கள் பேட்டரி சும்மா இருப்பதில்லை. அது தேய்ந்துபோயிருந்தால், அந்த நொடிநேரத் தேவையில் அதன் மின்னழுத்தம் சரிந்து லேப்டாப் அணைந்துவிடும். சார்ஜரில்தானே ஓட்டுகிறேன், பேட்டரி எப்படிக் காரணமாகும் என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில்.

யூஎஸ்பி-சி சார்ஜரில் விளையாடுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 100 வாட் சார்ஜர் கேமிங் லேப்டாப்பைச் சார்ஜ் செய்யும், விளையாடும்போது தாங்காது. சார்ஜ் ஏறுகிறது என்ற குறி திரையில் தெரிந்துகொண்டே பேட்டரி மெல்ல இறங்கும். வழக்கமாக 5 சதவீதத்தைத் தொட்டதும் விண்டோஸ் லேப்டாப்பை ஹைபர்னேட் என்ற உறக்க நிலைக்குக் கொண்டுபோய்விடும். பதிவேட்டில் 42 என்ற எண் வருவது இப்படித்தான்.

பேட்டரியின் ஆரோக்கியத்தை விண்டோஸே சொல்லும். கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து, 'பவர்' என்ற ஆங்கிலச் சொல்லோடு சி, எஃப், ஜி என்ற மூன்று எழுத்துகளையும் ஒட்டி எழுதுங்கள். ஓர் இடைவெளி விட்டு, முன்சாய்ந்த கோடு போட்டு, 'பேட்டரி ரிப்போர்ட்' என்ற இரண்டு சொற்களையும் சேர்த்து எழுதி என்டர் தட்டுங்கள். அறிக்கை எங்கே சேமிக்கப்பட்டது என்று திரையில் வரும். அதில் 'டிசைன் கப்பாசிட்டி' என்பது பிறந்தபோது இருந்த கொள்ளளவு. 'ஃபுல் சார்ஜ் கப்பாசிட்டி' என்பது இன்றைய கொள்ளளவு. இரண்டாவது எண் முதலாவதில் பாதிக்கு நெருங்கிவிட்டால் பேட்டரியை மாற்றுங்கள். 30, 40 சதவீதம் காட்டிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று அணைந்தாலும் பேட்டரியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

சார்ஜரைச் சோதிக்கச் சிறந்த வழி, அதே மாடல் வைத்திருக்கும் நண்பரின் சார்ஜரைக் கடன்வாங்கி விளையாடிப் பார்ப்பது. வோல்ட் ஒன்றாக இருக்க வேண்டும். வாட் அதே அளவு அல்லது கூடுதலாக இருக்கலாம், குறையக் கூடாது. ஊசிமுனை பொருந்துகிறது என்பதற்காக வேறு வோல்ட் சார்ஜரை மாட்டிவிடாதீர்கள்.

புதிதாக வாங்குவதாக இருந்தால், சென்னை ரிச்சி தெருவானாலும் இணையக் கடையானாலும் லேபிளைப் படித்து வாங்குங்கள். இந்தியாவில் விற்கப்படும் லேப்டாப் அடாப்டர்களுக்கு பிஐஎஸ் பதிவு கட்டாயம். ஐஎஸ் என்று தொடங்கும் தர எண்ணும், ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் பதிவெண்ணும் அச்சாகியிருக்க வேண்டும். அந்தப் பதிவெண்ணை 'பிஐஎஸ் கேர்' செயலியில் போட்டு உண்மையா என்று பார்த்துக்கொள்ளலாம். 230 வாட் என்று எழுதியிருந்தும் கையில் எடுத்தால் காற்றாக இருக்கும் சார்ஜரை வாங்காதீர்கள்.

சுவரையும் விட்டுவிடக் கூடாது. ஜங்ஷன் பாக்ஸ், மூன்று முனையை இரண்டாக்கும் இணைப்பு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, எர்த் உள்ள சுவர் சாக்கெட்டில் நேரே மாட்டிப் பாருங்கள். அரை மணி நேரம் விளையாடியபின் அணைத்து, பிளக்கையும் லேப்டாப்பின் சார்ஜிங் துளை அருகேயும் தொட்டுப் பாருங்கள். சார்ஜர் பெட்டி சூடாக இருப்பது இயல்பு. இணைப்பு முனை கையைச் சுடும் அளவுக்குச் சூடாவதோ பழுப்பு ஏறியிருப்பதோ இயல்பல்ல, இணைப்பு தளர்ந்திருக்கிறது. மின்தடையின்போது இன்வெர்ட்டருக்கு மாறும் அந்த நொடியில் மட்டும் லேப்டாப் அணைகிறதா? அந்தச் சிறு இடைவெளியைத் தாண்டவைக்க வேண்டியது பேட்டரிதான். அது முடியவில்லை என்றால் பேட்டரியின் காலம் முடிந்துவிட்டது.

இதே கட்டத்தில் செலவில்லாத ஒரு முயற்சியும் செய்யலாம். லேப்டாப்பை அணைத்து, சார்ஜரைக் கழற்றி, பவர் பொத்தானை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். பல மாடல்களில் எம்பெடட் கன்ட்ரோலர் இதனால் புதிதாகத் தொடங்கும்; அது குழம்பிப்போனதால் வந்த கோளாறு என்றால் நீங்கிவிடும்.

ஆறாம் படி: மென்பொருளும் ரேமும்

பதிவேட்டில் பூஜ்யம் அல்லாத பக்செக் எண் கிடைத்தவர்கள் மட்டும் இந்தப் படியில் நேரம் செலவிட்டால் போதும். கிராஃபிக்ஸ் டிரைவரை முழுவதும் நீக்கிவிட்டு, லேப்டாப் தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் மாடலுக்கென்று கொடுத்துள்ள பதிப்பை நிறுவுங்கள். 'விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்' அல்லது மெம்டெஸ்ட்86 கொண்டு ரேமைச் சோதியுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் ரேமைத் தேறியதாக எண்ணாதீர்கள். இரண்டு ரேம் பட்டைகள் இருந்தால் ஒவ்வொன்றாக வைத்துச் சோதித்தால் கெட்டது தெரிந்துவிடும்.

செயலியின் வேகத்தைக் கூட்டும் ஓவர்கிளாக், மின்னழுத்தத்தைக் குறைக்கும் அண்டர்வோல்ட் என்று எதையாவது மாற்றியிருந்தால் எல்லாவற்றையும் தொழிற்சாலை அமைப்புக்குத் திருப்புங்கள். 2019 டிசம்பரில் பிளண்டர்வோல்ட் என்ற பாதுகாப்புக் குறை வெளியானபின் பல இன்டெல் லேப்டாப்களில் அண்டர்வோல்ட் வசதி பூட்டப்பட்டது. பூட்டப்படாத மாடல்களில், குறைத்த மின்னழுத்தம் சோதனை மென்பொருளில் தேறிவிட்டு, கேமின் நடுவே தோற்பது உண்டு.

பயாஸைப் புதுப்பித்தால் சரியாகும் என்று ஆலோசனை சொல்பவர்கள் உண்டு. அதில் உண்மையும் இருக்கிறது. ஆனால் எப்போது அணையும் என்று தெரியாத லேப்டாப்பில் பயாஸை எழுதுவது ஆபத்து. எழுதும் நடுவே அணைந்துவிட்டால் லேப்டாப் எழவே எழாமல் போகலாம். சுமையில்லாத நேரத்தில் மணிக்கணக்காக அணையாமல் நிற்கிறது என்று உறுதியானபின், சார்ஜரும் பேட்டரியும் இருக்கும்போது மட்டும் செய்யுங்கள்.

கடைக்குக் கொண்டுபோகும்போது

வெப்பம் சரி, சார்ஜர் சரி, பேட்டரி சரி, மென்பொருளும் சரி என்றால் மீதியிருப்பது மதர்போர்டின் மின் சுற்று. அது சிப் லெவல் சர்வீஸ் செய்பவர்களின் வேலை. மின்சுற்றில் பழகாதவர்கள் வீட்டில் தொடக் கூடாது.

வாரண்டி இருந்தால் நிறுவனத்தின் சர்வீஸ் மையம்தான் முதல் இடம். "அடிக்கடி ஆஃப் ஆகிறது" என்று மட்டும் சொல்லாதீர்கள். கடை மேசையில் விண்டோஸைத் திறந்து பார்த்துவிட்டு, நன்றாகத்தானே ஓடுகிறது என்று திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். எந்தச் சோதனையில் எத்தனை நிமிடத்தில் அணைந்தது, அப்போது வெப்பம் என்ன, பதிவேட்டில் என்ன எண், எந்தச் சார்ஜரை மாற்றிப் பார்த்தீர்கள் என்பதைத் தாளில் எழுதி, பதிவுக் கோப்பையும் கொடுங்கள். அதே சார்ஜரோடு, சுமையில் ஓட்டிப் பார்க்கும்படி ஜாப் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள்.

மதர்போர்டை மாற்ற வேண்டும் என்று சொன்னால், எந்த அளவை வைத்து அந்த முடிவுக்கு வந்தார்கள் என்று கேளுங்கள். உண்மையிலேயே சோதித்தவர் எந்தச் சுற்றில் எந்த மின்னழுத்தம் வரவில்லை என்று சொல்வார். சொல்ல முடியாதவரிடம் பணம் கட்டாதீர்கள். இன்னொரு இடத்தில் காட்டுங்கள். உங்கள் நோட்டுப் புத்தகத்தையும் கூடவே கொண்டுபோங்கள்.